கோட்டுப் போட்ட மேனேஜர்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

பதறாமல் படி. நேற்று எங்கள் சலவைக்கூடத்து இஸ்திரிக்காரர் தன் போனுக்கு வந்த வேலை விளம்பரத்தைக் காட்டினார். நேர்காணல் கிடையாது, சீருடைக்கு மட்டும் முன்பணமாம். வேலை கொடுப்பவன் பணம் கேட்பானா, பித்தலாட்டம் என்று சிரித்தேன். "இப்படிச் சேந்து மேனேஜர் ஆனவராம், போட்டோவப் பாருடா" என்றார். பார்த்தால், கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பது நான்.

ஹோட்டல் சலவைக்கு வந்த கோட்டை மாட்டிப் படம் எடுத்து அனுப்பினேனே. "கழட்டிடுடா, கறை பட்டுடப் போகுது" என்று திட்டிவிட்டு, உன் போனில் எல்லாரும் பார்க்கிற முகப்புப் படமாக வைத்தாயே, அதையேதான் எவனோ எடுத்துப் போட்டிருக்கிறான். விளம்பரத்தில் இருந்த நம்பருக்கு அடித்து, படத்தில் இருப்பவரிடம் பேச வேண்டும் என்றேன். "சார் மீட்டிங்ல இருக்காருங்க" என்றாள் ஒருத்தி. என் கையில் ஈரப் போர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

முகப்பில் வேறு படம் வை. இதை அழித்துவிடாதே, உனக்காகச் சிரித்தது. தலைவலித் தைலம் தீர்ந்துவிட்டது, யாராவது வந்தால் கொடுத்தனுப்பு.

மணி அடித்துவிட்டது, ஓட வேண்டும். என் முகத்தை நம்பி அங்கே யாராவது பணம் கட்டப் போனால், கையைப் பிடித்து நிறுத்து. அந்தக் கோட்டு என் மகனுடையது இல்லை என்று சொல்.

உன் மகன்