திதிக்கும் திகதிக்கும் நடுவில் ஒரு ‘க’

ஒக்ரோபர் 20
விடிந்ததிலிருந்து மழை. வெங்காய மேடைக்குத் தறப்பாள் இழுத்தேன். அது காற்றில் எழும்பி, என்னை வல்வெட்டித்துறைக் கடலுக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி புத்தூரில் இறக்கியது. என் மனுசி பார்க்கவில்லை. ஆகவே மறுக்க ஆளில்லை.

பின்னேரம் ரொறன்ரோவிலிருந்து போன். அண்ணையின் மனைவி, என் மச்சாள். அண்ணைக்கு நெஞ்சில் ஒப்பரேசனாம். 24ஆம் திகதி, அவர்களுடைய காலையில்.

“மூண்டு இடத்திலை அடைப்பு, தம்பி. உங்களோடை ஒருக்காக் கதைக்கச் சொல்லிப் பாத்தன். மாட்டாராம்.”

ஒரு வருடமாகப் பேச்சில்லை. தேநீர் ஆறிப் போயிற்று. குடிக்கவில்லை.

ஒக்ரோபர் 21
தூறல். சண்டைக்கான காரணத்தை எழுதி வைக்கிறேன், சரித்திரத்துக்கு உதவும்.

1993 ஒக்ரோபர் 23. பேஸ்போல் இறுதிப் போட்டி. ரொறன்ரோ அணி பின்தங்கி நிற்க, ஒருவன் அடித்த அடி மதிலுக்கு அப்பால் போய் விழ, கிண்ணம் அவர்களுக்கு. அண்ணை மைதானத்தின் உச்சி வாங்கில் இருந்து பார்த்தவர். அங்கே நடுச்சாமத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. இங்கே மறுநாள் காலை ஒன்பது பத்து, விஜயதசமி. கோவிலில் மானம்பூத் திருவிழா, அசுரன் என்று நட்ட வாழையை வெட்டும் நேரம். அங்கே அடி, இங்கே வெட்டு. இதைத் தற்செயல் என்பவனோடு எனக்குக் கதை இல்லை.

ஆகவே அந்த அடியின் ஆண்டு நிறைவை நான் விஜயதசமியில் கொண்டாடுகிறேன். திதிப்படி. போன வருடமும் அன்றைக்குத்தான் போன் எடுத்தேன்.

“டேய், இன்னும் பதினொரு நாள் கிடக்கு. உனக்கென்ன விசரோ?”

“நாயன்மார் குருபூசையை இங்கிலீசுத் திகதியிலையோ செய்யிறனாங்கள், அண்ணை?”

“இது குருபூசை இல்லை, பேஸ்போல்!”

கனடாக் குளிரில் மூளை உறைந்துவிட்டது என்றேன். வைத்துவிட்டார். அவ்வளவுதான். நான் திதி, அவர் திகதி. நடுவில் ஒரேயொரு ‘க’.

இந்த வருட விஜயதசமிக்கு நான் எடுக்கவில்லை. ரோசம். அன்றைக்கே அவருக்கு நெஞ்சு நொந்ததோ தெரியாது. கேட்கவும் பயம்.

ஒக்ரோபர் 22
வெயில் அரை மணி. பிறகு மழை. அச்சுவேலிச் சந்தைக்குப் போய் எதற்குப் போனேன் என்பதை மறந்து திரும்பினேன்.

கைக்கு வேலை வேண்டும். என் பேஸ்போல் ஆண்டு நிறைவுக் கொப்பியைப் புரட்டினேன். குடாநாட்டில் இப்படி ஒரு கொப்பி வேறில்லை, ஆசியாவிலும் இராது. ஏப்ரல் 15: கறுப்பு இனத்தவனைச் சேர்க்காத பெரிய ஆட்டத்தில் ஒருவன் தடையை உடைத்து இறங்கிய நாள். இப்போதும் அன்றைக்கு எல்லா வீரரும் அவனுடைய இலக்கத்தையே அணிகிறார்கள். எங்கள் வருடப் பிறப்புக்கு மறுநாள். இதுவும் குருபூசைதான், சந்தேகமென்ன. ஆனால் திகதியில் செய்கிறார்கள், நட்சத்திரம் பார்ப்பதில்லை.

இருபது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. ஒருவரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

தீர்மானம்: நாளை 23. திகதிப்படி போன் எடுப்பது. பேரரசர் சரணடைகிறார்.

மனுசி: “இஞ்சாருங்கோ, ஒரு பேஸ்போல் பந்தைக் கண்ணாலை கண்டிருக்கிறியளோ?”

“கடவுளையும்தான் காணேல்லை.”

“கடவுள் உங்களோடை கோவிச்சுக்கொண்டு இருக்கேல்லை. அண்ணையெல்லோ இருக்கிறார்.”

கொப்பியை மூடி வைத்தேன்.

ஒக்ரோபர் 23
முகம் வழித்தேன். வெள்ளை வேட்டி. சரியாக ஒன்பது பத்துக்கு எடுத்தேன். மச்சாள்தான் எடுத்தா. பின்னால் அவருடைய குரல்.

“ஆர், உவனோ? இண்டைக்கு என்ன திகதி எண்டு கேள்.”

“இருபத்திமூண்டு,” என்றேன், மார்பு விரிய.

“இஞ்சை இருபத்திரண்டு! அதுவும் பிழை. வை போனை.”

வைத்தாயிற்று. எங்கள் காலை அவர்களுக்கு முதல்நாள் இரவு. முப்பது வருடத்துக்கு மேலாகத் திதி, நாழிகை என்று கணித்த மகான் இந்தச் சின்னக் கணக்கில் விழுந்தேன். மனுசி குசினிக்குள் சிரிப்பு. பிறகு அவளும் கலண்டரைப் பார்த்தாள். ஒப்பரேசனுக்கு இன்னும் ஒரு நாள்தான்.

முற்றத்துக்கும் கேற்றுக்கும் நடை, நூறு மைல் இருக்கும். செருப்பு வார் அறுந்தது.

ஒக்ரோபர் 24
மழை இல்லை. ஒன்பது பத்து. இங்கே 24, அங்கே 23. ஒரே மணி அடித்தது, அவரே எடுத்தார்.

“இப்ப சரி,” என்றார்.

“ஓம் அண்ணை.”

“மானம்பூ அண்டைக்குப் போனைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு இருந்தனான். நீ எடுக்கேல்லை.”

சாப்பிட்டாச்சோ என்று கேட்டேன். பன்னிரண்டு மணிக்குப் பிறகு தண்ணீரும் குடிக்கக் கூடாதாம். பயமா என்று கேட்டேன். அவருக்கில்லையாம், மச்சாளுக்குத்தானாம். பிறகு தானாகவே தொடங்கினார்.

“எறிஞ்சவன் பதிவா, உள்ளுக்கை எறிஞ்சான். இவன் சுழட்டி ஒரு அடி. பந்து எழும்பிச்சுது. எழும்பி, எழும்பி, எங்கடை வாங்குக்கு நேரை…”

“பிறகு?”

“பிறகென்ன, மேலை நிக்குது. மிச்சம் ஒப்பரேசன் முடியச் சொல்லுறன். அது வரைக்கும் பந்தை ஒருத்தரும் தொடக்கூடாது.”

முழுக் கதையும் எனக்குப் பாடம். ஆனாலும் “சரி அண்ணை” என்றேன்.

மாலை 5.30. இப்போது உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். மாட்டுக்கு இரண்டு தரம் தண்ணீர் வைத்தேன். மூன்றாம் தரம் வைக்கப் போக, மாடு என்னைப் பார்த்த பார்வை!

ஒக்ரோபர் 25
காலை ஏழு. மச்சாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன்.

“கண் முழிச்சிட்டார், தம்பி. வாயிலை குழாய், கதைக்கேலாது. ஆனா ஒரு விரலை மேலை மேலை காட்டுறார். நேர்ஸ் கட்டிலை உயத்திப் பாத்தா, இல்லையாம். லைற்றை நூத்துப் பாத்தா, இல்லையாம். எனக்குப் பயமாக் கிடக்கு. மேலை போறன் எண்டு சொல்லுறாரோ?”

சிரிப்பு வந்தது. கண்ணாலும் வந்தது.

“போனை அவற்றை காதிலை வையுங்கோ, மச்சாள்.”

வைத்தா. மூச்சுச் சத்தம்.

“அண்ணை, கண்டிட்டன். பந்து மேலைதான் நிக்குது. ஆறுதலாச் சொல்லுங்கோ.”

விரல் இறங்கியதாம்.