வளைக்காத மூலை

இன்று காலை ஆம்பூர் கடைத்தெருவில் என் தோல்பைக்கு வார் மாற்றக் கொடுத்தேன். கொக்கிக்காகப் பிளவு வெட்டுவதற்கு முன், கடைக்காரர் அந்தப் பிளவின் இரு முனை வரும் இடத்திலும் வட்டமாக ஓட்டை போட்டார். இல்லாவிட்டால் முனையிலிருந்து கிழிந்துகொண்டே போகுமாம். உடனே உன் ஞாபகம் வந்தது. நல்ல ஞாபகம் இல்லை.

இது உனக்குத் தெரியாததா? தோல் தரம் பிரிக்கும்போது கத்தி நுனி பட்ட கீறல்கூட உன் கண்ணுக்குத் தப்பாது. "இங்க ஆரம்பிச்சி முழுசா போய்டும்" என்று தூக்கி எறிவாய். பள்ளியில் என்னைப் பார்த்துக் கணக்கு எழுதியவனுக்கு இவ்வளவு புத்தியா என்று வியந்திருக்கிறேன். அந்தப் புத்தி தோலோடு நின்றுவிட்டது.

தோல் பதனிடும் உன் டேனரியில், தோலைப் போட்டுச் சுழற்றும் மர டிரம்மைத் தாங்கும் இரும்பு அச்சு, அந்த ஷாஃப்ட், முதல் முறை உடைந்தபோது, துண்டை என் லேத் பட்டறைக்குக் கொண்டுவந்தாய். உடைந்த முகத்தைக் காட்டினேன். பாதிக்கு மேல் விரிசலுக்குள் உரசி உரசித் தேய்ந்து வழவழப்பு, மிச்சம் அப்போதுதான் ஒடிந்த சொரசொரப்பு. இது இன்று உடைந்ததல்ல, பல மாதமாக உடைந்துகொண்டிருந்தது என்றேன். தடிமன் குறையும் இடத்தில் மூலையைக் கூராகக் கடைந்திருந்தார்கள். விரிசல் பிறந்தது அங்கேதான். ரயில் அச்சுகள் இப்படித்தான் உடைகின்றன என்று சீமைப் புத்தகங்களில் எப்போதோ எழுதிவிட்டார்கள். இரண்டு நாள் பொறு, மூலையை வளைவாகக் கடைந்து தருகிறேன் என்றேன்.

நீ சிரித்தாய்.

"இரும்பு இன்னா தோலா தோஸ்த், கிழிஞ்சிக்கினு போறதுக்கு? ஜாஸ்தி கனமா போட்டா போதும்."

அன்றைக்கே முடித்துத் தரும் வேறு பட்டறைக்குப் போனாய். கனமான ஷாஃப்ட், அதே கூர் மூலை.

அதுவும் உடைந்தது. டிரம் சரிந்து, அதை ஓட்டிக்கொண்டிருந்த சின்னப்பனின் வலது கால் போயிற்று. அளவுக்கு மீறித் தோல் அடைத்தது அவன்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லி, வேலையையும் பிடுங்கினாய். மூலைதான் காரணம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நீ முதலாளி அல்லவா. பிறகு ஒரு மத்தியானம் தனியாக என் பட்டறைக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"அந்த மூலைய வளைச்சே போட்டுடு. வெளிய சொல்லாத."

ஆக, யார் தப்பு என்று உனக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகும் சின்னப்பன் மேல் போட்ட பழியை நீ எடுக்கவில்லை. மடையன் என்றால் மன்னித்திருப்பேன். நீ மடையன்கூட இல்லை.

அங்கே நிற்கிற மற்ற ஆட்களுக்காக அதைக் கடைந்து கொடுத்தேன். நீ செத்த பிறகும் அது ஓடுகிறது. அந்த வளைவு ஒரு சுண்டுவிரல் நுனி அளவுதான்.

உடைந்த துண்டு என் மேஜைமேல் இருக்கிறது. ஷாஃப்ட் கேட்டு வருபவர்களுக்கு அதை எடுத்துக் காட்டுவது சின்னப்பன். இப்போது என்னிடம்தான் உட்கார்ந்து வேலை செய்கிறான். எந்த மூலை, எப்படி உடைந்தது, யார் கேட்கவில்லை, எல்லாம் சொல்வான். உன் பெயரைச் சொல்லும்போது அவன் குரல் உயர்வதில்லை. எனக்குத்தான் உயர்கிறது.