முட்டை வாங்க வேண்டிய பரீட்சை

கும்மிடிப்பூண்டி,
வியாழக்கிழமை

திருவாலங்காட்டுக் காளி காவலில் இருக்கும் என் தங்கை குணசுந்தரிக்கு அக்கா கெங்கம்மாள் எழுதுவது. இதைப் பிரித்துப் படித்துவிட்டு உன்னிடம் கொடுக்கும் ஜெயில் அம்மாவுக்கும் என் வணக்கம்.

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. அதில் சொன்னதெல்லாம் தப்பு.

என் பேத்தி நந்தினி மனசைப் பற்றிய பெரிய படிப்பு படிக்கிறாள் அல்லவா? அவள் கூட்டம் உங்கள் ஜெயிலுக்கு வந்து, பெண்களைக் கேள்வி கேட்டு மார்க் போடப் போகிறது என்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் வீட்டு ஆள் நாற்பதுக்கு நாற்பது வாங்க வேண்டாமா? எந்தப் பதிலுக்கு மார்க் என்று அவள் போனில் பேசியதை ஒட்டுக்கேட்டுத்தான், இரக்கம் இல்லை என்று சொல், கூசாமல் பொய் சொல்வேன் என்று சொல் என உனக்கு எழுதினேன்.

நேற்று அதை அவளிடமே பெருமையாகச் சொன்னேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "இன்னா ஆயா பண்ணி வெச்சிருக்கே? நெஞ்சுல ஈரமே இல்லாதவங்க யாருன்னு பாக்குற கணக்கு அது. மார்க்கு ஏற ஏறக் கெட்டது. சின்ன ஆயாவக் கல்நெஞ்சுக்காரின்னு எழுதிக்குவாங்க" என்றாள். முட்டை வாங்கினால்தான் நல்லவளாம்! நான் ஐந்தாவது வரை படித்த பள்ளியில் முட்டை வாங்கியவர்களை வெயிலில் முட்டி போட வைப்பார்கள்.

இது கோர்ட்டுக்குப் போகாதாம், படிப்புக்கு மட்டும்தானாம். சொந்தம் என்பதால் நந்தினி உன்னிடம் வரமாட்டாள். கூடப் படிக்கும் கிறிஸ்டினா திங்கட்கிழமை வருவாள். இனி எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று நந்தினி என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். அதனால் சொல்லிக்கொடுக்கவில்லை. கோழி அறுக்கும்போது நீ முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாயே, அதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடு.

உன் மருமகன் தலையில் நீ குழவிக்கல்லால் போட்ட இடத்தில் தையல் ஆறி முடி முளைத்துவிட்டது. பொன்னேரி மார்க்கெட்டில் என்னைக் கண்டதும் எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறி ஓடினான். உன் மகள் திலகவதி என்னோடுதான் இருக்கிறாள். கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். இப்போதெல்லாம் அரைக்கை ரவிக்கைதான் போடுகிறாள். கையில் மறைக்கக் காயம் ஒன்றுமில்லை.

செய்ததற்கு வருத்தப்படுகிறாயா என்றும் கேட்பார்களாம். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு கேள்வியில் மட்டும் மார்க் வாங்கிக்கொள், தங்கச்சி. நான் திட்டமாட்டேன்.

மற்றதில் எல்லாம் முட்டை வாங்கி, சுகமாக வீடு வந்து சேர ஆசீர்வதிக்கும்,
உன் அக்கா,
கெங்கம்மாள்