கொப்பர் கட்டின போர்க்கப்பல்

இயேசு மரி சூசை துணை

ஊர்காவற்றுறை,
09.10.2024

அன்புள்ள மகன் றொஜனுக்கு அம்மா எழுதுறது,

மாதாவின்ர காவலில உன்ர தாயும் தகப்பனும், நானும் கொப்பரும், உயிரோட இருக்கிறம். நீயும் நிரோஜினியும் பிள்ளையும் உங்க அந்தக் குளிருக்குள்ள நோய்நொடியில்லாமல் இருக்கவேணும் எண்டு ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லேக்க கேட்கிறனான். போன் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுறா எண்டு யோசிப்பாய். போனில சொன்னால் நீ சிரிச்சு மழுப்பிப்போடுவாய். வட்ஸ்அப்பில குரல் பதிஞ்சு அனுப்ப வெளிக்கிட்டால் கொப்பர் பக்கத்தில வந்து நிண்டு தன்ர கதையையும் இடையில போடுவார். கடதாசிக்கு மறுகதை சொல்ல ஏலாது, ஆறுதலாய் இருந்து முழுக்க வாசி.

நீ அனுப்பின வீடியோவைப் பாத்தன். முப்பத்தாறு வயசுக்காரன், இடுப்பளவு குளத்துத் தண்ணிக்குள்ள ரப்பர்க் காற்சட்டையோட நிண்டுகொண்டு, அடிக்குத் தாண்டுபோன விளையாட்டுக் கப்பலைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுச் சிரிக்கிறாய். பக்கத்தில நிண்டு கைதட்டுறவனுக்கு அறுபது வயசிருக்கும், தாடியும் நரைச்சுப்போச்சு. பக்கத்து வளவுப் பிலோமினம்மா என்ர தோளுக்கு மேலால எட்டிப் பாத்துப்போட்டு, றொஜன் கனடாவில மீன்பிடிக்கோ போறவன் எண்டு கேட்டவள். ஓம் எண்டு சொல்லிப்போட்டன். மெய்யைச் சொல்ல வெட்கமாய்க் கிடந்தது. எண்பது வருசத்துக்கு முந்தி ஜேர்மன்காரன் கட்டித் தாழக் குடுத்த கப்பலை நீ கராஜுக்குள்ள இருந்து ஒரு ஆள் நீளத்துக்குத் திரும்பக் கட்டுறாய். அதில சைக்கிள் இரும்புப் போல்ஸ் சுடுற பீரங்கி, உள்ளுக்கு வாற தண்ணியை வெளிய இறைக்கிற பம்ப். குளத்தில கப்பல் விட்டு ஆளுக்காள் சுட்டுத் தாழ்க்கிற விளையாட்டாம். எதிராளி சுட்டால் ஓட்டை விழவேணுமாம், அதுக்காகப் பக்கப் பலகை கடதாசி மாதிரி மெல்லிசாய் இருக்கவேணுமாம், தடிப்பாய்ப் போட்டால் விளையாட்டில சேர்க்காயினமாம். உன்ர தகப்பன் நாப்பது வருசமாய் வள்ளங்களுக்குள்ள தண்ணி வராமல் இருக்க வேலை செய்யிற மனிசன். அவற்ற மகன் தண்ணி வாறதுக்கெண்டே கப்பல் கட்டுறான். பிள்ளையின்ர முதல்நன்மை அண்டைக்குக் கோயிலுக்கு நீ அரை மணித்தியாலம் பிந்தி வந்தனீ எண்டு நிரோஜினி சொன்னவள். ஏன் எண்டு நான் கேட்கேல்ல, படத்தில உன்ர விரல் முழுக்கச் சாம்பல் நிறப் பெயின்ற். கொப்பற்ற கண் ஒப்பறேசனுக்கு வர லீவு இல்லை எண்டாய். கப்பல் சண்டைக்கு அமெரிக்காவுக்குக் கார் ஓடிப்போக மட்டும் அஞ்சு நாள் லீவு கிடைச்சிருக்கு. நல்ல கொம்பனி.

அது உன்ர விசர், உன்னோட இருந்திருக்கலாம். நீ என்ன செய்தனீ, மாசி மாசம் கொப்பருக்குப் போன் எடுத்து, அப்பா ரெண்டு ஓட்டை விழுந்த உடன கப்பல் ஒரு பக்கம் சாஞ்சு பிரளுது, என்ன செய்யலாம் எண்டு கேட்டாய். அவர் அண்டைக்குத்தான் ஆரோ தன்னை மதிச்சு ஒரு சொல் கேட்ட மாதிரி நிமிர்ந்து இருந்து, தண்ணியை ஒரு பக்கம் ஓடவிடாதை, நடுவில ஒரு வாய்க்கால் வைச்சு பம்புக்கு நேர கொண்டு வா, பாரத்தை இன்னும் கீழ இறக்கு எண்டு சொன்னவர். நீயும் அதைச் செய்து அடுத்த சண்டையில தாழாமல் நிண்டாய். அதோட முடிஞ்சுது என்ர வீடு. உங்க இருக்கிற ஞானசவுந்தரி லீவில வரேக்க அவளின்ர பெட்டிக்குள்ள மோட்டரும் றிமோட்டும் பம்பும் வைச்சு அனுப்பினாய். தாய்க்கு ஒரு நல்ல செருப்பு வைக்க அந்தப் பெட்டிக்குள்ள இடமில்லையாம்.

மனிசன் அப்பிள் பெட்டிப் பலகையைச் சீவிச் சீவி, குசினி மேசையில வைச்சே ரெண்டு முழத்தில ஒரு போர்க்கப்பல் கட்டினவர். கறி வெட்ட இடமில்லாமல் நான் நிலத்தில இருந்து வெட்டினனான். சைக்கிள் பம்பை அரிஞ்சு ஸ்பிரிங் பூட்டிப் பீரங்கி செய்தவர். சுட்டுப் பாக்கிறன் எண்டு என்ர மாப்போத்தலை உடைச்சவர். அங்கால பிலோமினம்மாவின்ர மகன் தன்ர வள்ளத்தைக் கொண்டுவந்து கவிட்டுப்போட்டு, வாடைக் காத்து தொடங்க முதல் அடிப்பக்கம் பைபர் ஒட்டித் தாங்கோ எண்டு மூண்டு தரம் வந்து கேட்டவன். நாளைக்கு, நாளைக்கு எண்டு சொல்லி அனுப்பினவர். தொழிலுக்குப் போற வள்ளம் வெயிலில காயுது, குளத்துக்கும் உதவாத கப்பலுக்கு ரெண்டாம் தரம் பெயின்ற் நடக்குது.

போன வியாழக்கிழமை நான் சோறு வடிச்சுக்கொண்டிருக்கேக்க, அதை என்ர பழைய சீலையால சுத்திச் சைக்கிள் கரியரில கட்டிக்கொண்டு கரைக்குப் போயிட்டார். எங்க போறியள் எண்டு கேட்க, காத்து வாங்க எண்டவர். கடலில விட்டு, மிதக்கிற சோடாப் போத்தலுக்குச் சுட்டிருக்கிறார். சாம்பல் நிறத்தில போர்க்கப்பல், சுடுற பீரங்கி, கையில றிமோட், கரையில தனிய ஒரு கிழவன். எங்கட கடலில அதைப் பாத்துக்கொண்டு சும்மா நிற்பினமோ. நேவிச் சென்றியில காவலுக்கு நிண்ட பெடியங்கள் வந்து ஆளையும் கப்பலையும் ஏத்திக்கொண்டு காம்புக்குப் போயிட்டாங்கள். பிலோமினம்மாவின்ர மகன்தான் ஓடிவந்து சொன்னவன். மாமி பயப்பிடாதையுங்கோ, விசாரிச்சுப்போட்டு விடுறமெண்டு சொன்னவங்கள் எண்டான்.

என்ர தம்பி அன்ரனிதாஸை வலை இழுக்கிற இடத்தில ஆரோ நாலு பேர் கூட்டிக்கொண்டு போகேக்க என்ர அம்மாவுக்குச் சொன்னதும் அந்தச் சொல்லுத்தான், விசாரிச்சுப்போட்டு விடுறம். முப்பத்துநாலு வருசமாச்சு, அவன் திரும்பி வரேல்ல. நீ அப்ப ரெண்டு வயசு, என்ர இடுப்பில இருந்தனீ. கொண்டுபோனது ஆர் எண்டு இண்டைக்கும் தெரியாது. கொப்பர்தான் அப்ப இடம் இடமாய் விசாரிச்சுத் திரிஞ்சவர், அவருக்காவது புத்தி இருந்திருக்கவேணும்.

அடுப்பை நூத்தனோ இல்லையோ தெரியாது, வெறுங்காலோட போய்க் காம்ப் வாசலில மூண்டு மணித்தியாலம் நிண்டனான். காவலுக்கு நிண்ட பெடியன் ஒரு கதிரை கொண்டுவந்து வைச்சவன். நான் இருக்கேல்ல. இருந்தால் கனநேரம் காத்திருக்கவேண்டி வரும் எண்டு மனசு சொன்னது, அம்மா அப்பிடி இருந்து இருந்துதான் செத்தவ. உள்ளுக்கு என்ன நடந்தது தெரியுமோ. இது என்ன ஐயா எண்டு காம்பின்ர பெரியவர் கேட்டிருக்கிறார். இவர் சிங்களம் தெரியாமல் போனை எடுத்து, நீ தண்ணிக்குள்ள நிண்டு சிரிக்கிற வீடியோவைக் காட்டியிருக்கிறார். அதைப் பாத்து அவங்கள் சிரிச்சு, தொட்டிக்குள்ள விட்டுக் காட்டச் சொல்லி, கடைசியில தேத்தண்ணியும் பணிஸும் குடுத்து, பீரங்கியை மட்டும் எடுத்துக்கொண்டு, இதைத் திரும்பக் கடலுக்குக் கொண்டுவராதேங்கோ எண்டு சொல்லி மரியாதையாய் அனுப்பியிருக்கிறாங்கள். மனிசன் மாப்பிள்ளை மாதிரி வெளிய வந்தார். என்னைக் கண்டவுடன முதல் சொன்ன சொல்லு, கத்தரீனா, மூண்டு வாளி தண்ணி உள்ளுக்கு ஊத்தியும் சாயேல்ல எண்டு.

பின்னேரம் சோத்தைப் போட்டுக் குடுத்துப்போட்டு, அன்ரனியை நினைச்சுக்கொண்டுதான் அந்த வாசலில நிண்டனான் எண்டு மட்டும் சொன்னன். பிசைஞ்ச கை அப்பிடியே நிண்டது. அவனின்ர பேர் எங்கட வீட்டில கனகாலம் சொல்லுப்படேல்ல. நான் அதை யோசிக்கேல்லையப்பா எண்டு சொல்லிப்போட்டு எழும்பிக் கை கழுவினவர், சாப்பிடேல்ல. விடிய எழும்பிப் பாத்தால் பிலோமினம்மாவின்ர மகனின்ர வள்ளத்துக்குக் கீழ படுத்திருந்து பழைய பைபரைச் சுரண்டுறார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அது கடலில இறங்கினது. உன்ர மோட்டர், றிமோட், பம்ப் எல்லாம் பெட்டிக்குள்ள கிடக்கு, ஞானசவுந்தரி அடுத்த முறை லீவில வரேக்க அவளிட்டயே தந்துவிடுவன், வாங்கிக்கொள். கப்பலின்ர மிச்ச ஓட்டுக்குள்ள கோழிகளுக்குத் தண்ணி ஊத்தி வைச்சனான். அதுக்கும் உதவேல்ல, ஒழுகுது.

உனக்கு ஒண்டு சொல்லவேணும். அந்த ஜேர்மன் கப்பல் எந்தத் திகதி தாண்டது, அதில எத்தினை பேர் செத்தவை, எத்தினை பேரைத் தண்ணியில இருந்து தூக்கினவை எண்டு கொப்பருக்கு அரை மணித்தியாலம் போனில விளங்கப்படுத்தினனீ. நான் குசினியில நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தன். உன்ர தாய்மாமன் எந்த மாசம் போனவன் எண்டு கேட்டால் சொல்லுவியோ. நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை, பிழை என்னிலயும் இருக்கு. ஐப்பசி மாசம் றொஜன். பத்தொன்பது வயசு. நீலச் சாரம், சேட்டு இல்லை. உன்னைத் தோளில வைச்சுக்கொண்டு வள்ளம் அணையிற ஜெட்டிப் பாலம் முழுக்கச் சுத்தித் திரியிறவன்.

குளத்துக்குள்ள இறங்கிறதெண்டால் காலுக்கு மேசு ரெண்டு போட்டுக்கொண்டு இறங்கு, உனக்குச் சின்னனில இருந்தே சளி. பிள்ளைக்கு ஒழுங்காய்த் தமிழ் வாசிக்கப் பழக்கு. கொப்பருக்குப் போன் எடுத்தால் கப்பலைப் பற்றிக் கதையாதை, கண் எப்பிடி எண்டு கேள். மற்றது, வாற மாசம் ரெண்டாந் திகதி செத்த ஆன்மாக்களின்ர பூசை. செத்தவையின்ர பேர் எழுதிக் குடுக்கச் சொல்லிக் கோயில் சுவாமி கடதாசி தந்தவர். என்ர அப்பா, அம்மா, கொப்பற்ற தாய் தகப்பன் எல்லாற்ற பேரும் எழுதினன். அன்ரனியின்ர பேரை இந்த வருசமும் எழுதேல்ல.

தேவன் உங்கள் மூண்டு பேரையும் தன்ர செட்டைக்குள்ள வைச்சிருக்கட்டும்.

உன்ர அம்மா,
எ. கத்தரீனா