மூலையில் நின்றவள்

இன்று காலை, மாடிவீட்டு நர்ஸ் பெண்ணின் போனில் உன்னைப் பார்த்தேன். எனக்கு பிரஷர் பார்க்க வந்தவள், கையில் பட்டையைச் சுற்றிவிட்டு, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். ஏதோ ஜப்பான் கார்ட்டூன். பாட்டு ஓட ஓட, பள்ளிச் சீருடை போட்ட ஒருத்தி மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே சிறகு வைத்த இன்னொருத்தி லீலிப் பூவோடு மண்டியிடுகிறாள். ஒரு கணம் இருவரும் அசையவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, நீ அன்று உட்கார்ந்திருந்தாயே, அப்படியே. என் பிரஷர் ஏறிவிட்டது.

"கதைக்கு முன்னாடி வர்ற பாட்டு ஆன்ட்டி," என்றாள். "இந்த சீன் ஐரோப்பாவுல வரைஞ்ச பழைய பெயின்டிங்கைப் பார்த்துப் போட்டது. இவங்க நிறைய அப்படிப் போடுவாங்க."

ஜப்பான்காரர்களுக்கும் முன்னால் நீ போட்டுவிட்டாய். அதிலும் நீதான் முந்திக்கொள்ள வேண்டுமா?

அறுபதுகளில் நம் தீவுக் கோயில் திருவிழா நாடகம் டாப்ளோவில்தான் தொடங்கும். திரை விலகும். ஏதாவது ஒரு சாமி படத்தில் உள்ளபடியே ஆட்கள் அசையாமல் நிற்பார்கள். ஆர்மோனியப் பாட்டு முடிகிறவரை இமைகூட ஆடக் கூடாது. அந்த வருடம் படத்தைத் தேர்ந்தெடுத்தவள் நீ. மாதாவுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொல்லும் வெளிநாட்டுப் படம், உன் அப்பாவின் கடைக்கு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தது. கப்பல் சரக்கில் பாதி பூஞ்சை பிடித்துத்தான் வந்து சேரும். வெயிலில் விரித்து ஒவ்வொன்றாகத் துடைப்பது உன் வேலை. அதில் உனக்கு அப்படியொரு சுத்தம்.

படத்தில் இரண்டே பேர். மாதா நீ, வானதூதர் உன் தங்கை. உன்னைவிட எனக்குத்தான் முடி நீளம் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். இரண்டு நாள் கழித்துப் படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாய்.

"ஏளா, அழாத. இந்த மூலையில பாரு. கறுப்பா ஒருத்தி நிக்கால்லா? அது நீதான்."

பார்த்தேன். முக்காடு போட்ட ஒரு பெண் ஒதுங்கி நிற்பது போலத்தான் இருந்தது. என் அம்மாவின் கறுப்புச் சேலையைப் போர்த்திக்கொண்டு நின்றேன். திரை விலகியதும் கோயில் வளாகம் முழுக்க உன்னையே பார்த்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவது சரணத்தில் வேண்டுமென்றே இருமினேன். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். விடாமல் மறுபடியும் இருமினேன். நீ அசையவே இல்லை.

திரை மூடியதும் சாமியார் வந்து, "அந்தக் கறுப்புச் சேலைக்காரி யாரு? எங்கேயிருந்து வந்தா?" என்று கேட்டார்.

"படத்துல இருக்கா சாமி," என்றாய்.

என்னிடம், "எல்லாரும் கடைசியில ஒன்னத்தான பாத்தாவ. டீக் ஹை, விடு," என்றாய். நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக உன்னைப் பகைத்திருப்பேன்.

பிறகு தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாய். உன் ஒவ்வொரு கடிதமும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். போன தவக்காலத்தில் உன் மகன் போனில் விஷயத்தைச் சொன்னபோது, கப்பலில் இடம் கிடைக்கவில்லை என்றேன். இடம் இருந்தது. உன்னை அடக்கம் பண்ண எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க எனக்கு மனசில்லை.

இன்று அந்தப் பெண்ணிடம், பழைய பெயின்டிங்கைக் காட்டச் சொன்னேன். அதே தூண், அதே லீலி, அதே புத்தகம். மூலையைப் பெரிதாக்கச் சொன்னேன்.

"இங்க கறுப்பா ஒருத்தி நிப்பாளே?"

"யாரும் இல்லையே ஆன்ட்டி. வெறும் சுவர்தான்."

நம் படத்தில் இருந்தது பூஞ்சை. உனக்கா தெரியாமல் போயிருக்கும்? எது மை, எது பூஞ்சை என்று விரலால் தொட்டே சொல்கிறவள் நீ. கடையில் அத்தனையும் துடைத்தவள், அந்த ஒரு படத்தை மட்டும் துடைக்காமல் என்னிடம் கொண்டுவந்தாய். சாமியாரிடமும் பொய் சொன்னாய்.

நர்ஸ் பெண் பட்டையை மறுபடி சுற்றி, பேசாமல் இருங்கள் என்றாள். உன் இடத்தில் நான் இருந்து, என் இடத்தில் நீ நின்று அழுதிருந்தால், அந்தப் படத்தை நன்றாகத் துடைத்துக் கொண்டுவந்து உன்னிடம் காட்டியிருப்பேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் உன்மேல் பொறாமை இன்னும் தீரவில்லை.