கண்ணுக்கு இருபது நிமிடம்

அனுப்புநர்
மா. தென்றல்,
பதினோராம் வகுப்பு மாணவி,
ஒரகடம் அருகில்.
(கதவு எண் எழுதாததற்குக் காரணம் கீழே உள்ளது.)

பெறுநர்
தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்,
ஸ்ரீபெரும்புதூர்.

பொருள்: வெண்கதிர் பீர் ஆலையில் பாட்டில் பார்க்கும் பெண்களுக்கு இருந்த இருபது நிமிட விதியை மீட்டுத் தரவும், 24-ஆம் தேதி விசாரணைக்கு முன் நேரில் வந்து பார்க்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. என் அம்மா திருமதி பாண்டிச்செல்வி மேற்படி ஆலையில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பாட்டில் பார்க்கிறார். பள்ளியில் யார் கேட்டாலும் "ஜூஸ் கம்பெனி" என்றுதான் சொல்லி வந்தேன். பீர் கம்பெனி என்று முதன்முறையாக இம்மனுவில் எழுதுகிறேன். எழுதிய பின் வெட்கமாக இல்லை.

2. கடைகளிலிருந்து திரும்பும் காலி பாட்டில்கள் கழுவப்பட்டு, ஒரு வெள்ளை விளக்குப் பலகையின் முன்னால் வரிசையாக ஓடும். முக்காலியில் உட்கார்ந்திருப்பவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பீடித் துண்டு, கரப்பான்பூச்சி, உடைந்த சில்லு என்று உள்ளே எது கிடந்தாலும் அந்த பாட்டிலை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் பீர் நிரப்புவார்கள்.

3. ஆயுத பூஜை அன்று குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். அந்த முக்காலிக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். ஆலையின் வரலாறு சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும். ஆண்டுதோறும் படித்து எனக்கு மனப்பாடம். 1983-இல் வயலுக்கு நடுவே ஒரே கொட்டகையில் தொடங்கிய ஆலை இது. புது பாட்டில் வாங்க வசதியில்லாமல் பழைய பாட்டில்களில் நிரப்பினார்கள். மறு வருடம் ஒரு பாட்டிலில் பூச்சி கிடந்ததால் ஒரு லாரிச் சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. முதல் ஃபோர்மேன் திரு. பரசுராமன் யாரையும் திட்டவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தாமே விளக்கின் முன் உட்கார்ந்தார். ஒரு பாட்டிலில் ஊக்கைப் போட்டு, தமக்குத் தெரியாமல் வரிசையில் விடச் சொன்னார். ஒரு வாரம் இப்படிப் பார்த்ததில், இருபது நிமிடம் தாண்டினால் தம் கண்ணுக்கும் ஊக்கு தப்புகிறது என்று கண்டுகொண்டார். "கண்ணுக்கு இருபது நிமிடம்" என்று சுவரில் எழுத வைத்தார். ஒரு விளக்குக்கு மூன்று பேர். ஒருவர் பார்க்க, மற்ற இருவரும் எழுந்து வேறு வேலை செய்வார்கள். அதன் பிறகு நாற்பது ஆண்டுகளில் ஒரு பாட்டில்கூடத் திரும்பி வந்ததில்லை. பெரிய பெரிய கம்பெனிகள் உள்ள இந்த வட்டாரத்தில் இப்படிச் சொல்லிக்கொள்ள எத்தனை ஆலைக்கு முடியும்?

4. ஊக்கு போடும் வழக்கம் இன்றும் உண்டு. தினமும் ஒரு பாட்டிலில் சூப்பர்வைசர் ஊக்கு போட்டு விடுவார். போட்டவரே வரிசையின் கடைசியில் நின்று, தப்பி வந்தால் எடுத்துவிட வேண்டும். பிடித்தவர் அந்த ஊக்கை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். எங்கள் வீட்டில் ஒரு பவுடர் டப்பா நிறைய இருக்கிறது. என் சீருடைத் துப்பட்டாவில் குத்துவது எல்லாம் அம்மா பிடித்த ஊக்குகள்தான்.

5. கடந்த ஏப்ரல் முதல் மூவரில் இருவரைப் பெட்டி ஏற்றும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒருவரே ஒரு மணி நேரம் எழாமல் பார்க்கிறார். சுவரில் இருந்த வாசகத்தின் மேல் வெள்ளை அடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும், கண்ணை மூடினால் பாட்டில் ஓடுகிறது என்கிறார் அம்மா.

6. இம்மாதம் 3-ஆம் தேதி அம்மா ஊக்கைத் தவறவிட்டார். சூப்பர்வைசர் திரு. சுபாஷ் கடைசியில் நிற்கவில்லை. அவருக்கும் இப்போது இரண்டு லைன். பாட்டில் நிரம்பி, மூடப்பட்டு, குன்றத்தூர்க் கடை வரை போய்விட்டது. வாங்கியவர் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார். வீடியோ வந்த மறுநாள் எல்லார் முன்னிலையிலும், "இன்னா பாண்டி, ஊக்கு கண்ல படலியா? கண்ணாடி மாட்டினு வா" என்றார் சுபாஷ். உடன் வேலை செய்யும் திருமதி சின்னப்பொண்ணு, "ஊக்கு போட்ட நீ கடைசில நிக்காம எங்க சார் பூட்ட?" என்று கேட்டார். அடுத்த நாளிலிருந்து சின்னப்பொண்ணுவுக்கு வேலை இல்லை.

7. ஒன்றை மறைக்கக் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறியதாகப் பதிவேட்டில் அம்மாவின் கையெழுத்து இருக்கிறது. வேலையின் நடுவே கை பாட்டில் கழுவும் காரத் தண்ணீரில் ஊறித் தாள் கிழியும் என்பதால், ஷிப்ட் தொடங்கும்போதே எல்லாக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவது அங்கே பழைய வழக்கம். மூன்று பேர் இருந்தவரை அது பொய்யாக இல்லை. இப்போது அதையே காட்டி, "என் கவனக்குறைவுதான்" என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். 24-ஆம் தேதி விசாரணை. எழுதித் தந்தாலும் வேலை போகும், தராவிட்டாலும் போகும்.

8. நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர்தான் ஆலைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர். ஆகவே கதவு எண் எழுதவில்லை. அப்பா நைட் ஷிப்ட் போயிருக்கிறார். அம்மா தூங்கிய பிறகு எழுதுகிறேன். "சும்மா கெட புள்ள, வாயத் தொறந்தா இந்த வீடும் இருக்காது" என்று அம்மா சொல்லியிருக்கிறார். எனவே கடிதமோ போனோ வேண்டாம். தாங்கள் வருவதே பதில்.

வந்தால் தாங்கள் பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போக வேண்டாம், ஐயா. தயவுசெய்து அந்த முக்காலியில் ஒரு மணி நேரம் உட்காரவும். இத்துடன் உள்ள ஊக்கை ஒரு பாட்டிலில் போட்டு, தங்களுக்குச் சொல்லாமல் ஐம்பதாவது நிமிடத்தில் விடச் சொல்லவும். தங்கள் கண்ணில் பட்டால் என் அம்மாவின் மேல்தான் தவறு. தப்பினால் மூன்று பேரையும் விளக்கின் முன்னால் திரும்ப அமர்த்தி, சுவரில் அந்த வரியை மறுபடி எழுத உத்தரவிட வேண்டுகிறேன்.

பெயர் போடாமல் அனுப்பத்தான் நினைத்தேன். மேலே என் பெயரைக் கடைசியாகத்தான் எழுதினேன்.

இடம்: ஒரகடம்
நாள்: 13.07.2025

இப்படிக்கு,
மா. தென்றல்
(பாட்டில் பார்க்கும் பாண்டிச்செல்வியின் மகள்)

இணைப்பு: ஊக்கு ஒன்று. அம்மா பிடித்தது.