வீட்டுப் பாத்தி

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

ருக்மணி வணக்கத்துடன் எழுதுவது. சென்னையில் நான் சுகம். சோலூரில் பனி விழத் தொடங்கியிருக்கும். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது?

பஸ்ஸில் கொடுத்தனுப்பிய காரட் வாடாமல் வந்தது. பாதியை உணவு வேதியியல் வகுப்புக்கு எடுத்துப்போனேன். காய்களில் பூச்சிமருந்து தங்கியிருக்கிறதா என்று சோதிக்கும் பாடம். எங்கள் விடுதிச் சமையலறைக் காரட்டில் மருந்து தெரிந்தது. நம்முடையதில் துளியும் இல்லை. தபித்தாள் மேடம், "இவ அப்பா மாதிரி எல்லாரும் பயிர் செஞ்சா எவ்வளவு நல்லாயிருக்கும்!" என்றார். வகுப்பே கைதட்டியது. நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அது வீட்டுக்கென்று மருந்தடிக்காமல் விடும் பாத்தி, மண்டிக்குப் போவது வேறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "புள்ள திங்கறதுங்க, அதுல மருந்தடிச்சுப் போடாதீங்க" என்று அம்மா சொல்வதுதான் காதில் கேட்டது.

விடுதிக்கு வருவதும் ஊட்டிக் காரட்தான், அப்பா. அன்று சாப்பாட்டில் பொரியலை ஒதுக்கி வைத்தேன். "ஏன் சாப்பிடல?" என்று அறைத்தோழி கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். என் பங்கையும் அவளே சாப்பிட்டாள்.

மருந்தடிக்கும்போது மூக்கில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். அம்மா தன் பழைய ஸ்வெட்டரை அனுப்பினால் நல்லது. இங்கே குளிர் இல்லை, இருந்தாலும் அனுப்பச் சொல்லுங்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

இனி எனக்கென்று தனியாகக் காரட் வேண்டாம், அப்பா. எல்லோரும் தின்பதையே நானும் தின்கிறேன்.

உங்கள் மகள்,
ருக்மணி